ஆமென் சொன்னவள்

எங்கள் சபையில் யாரும் புறம் பேச மாட்டோம். ஜெபக் குறிப்புதான் கொடுப்போம். இதைச் சொன்னால் என் தங்கை சிரிப்பாள். அவளுக்கு எல்லாமே சிரிப்புதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் யார்மேல் கோபப்படுவது என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். நடந்தபடி என்றால் எனக்கு நினைவிருக்கிறபடி. சிக்கலே அதுதான்.

முதலில் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் காலை ஆறரைக்குப் பாஸ்டரம்மா ஒரு குறிப்போடு தொடங்குவார். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் சண்டை, இப்படி ஏதாவது ஒன்று. அவர் டீச்சருக்குப் போன் செய்வார். டீச்சர் எனக்கு. நான் பஸ் டிரைவர் அண்ணனுக்கு. அவர் லாண்டரியம்மாவுக்கு. அவர் நீட்டல் மாமாவுக்கு. நீட்டல் மாமா ஜெபம் செய்ய ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த பால் பொங்கி, அணைந்து, ஆறிக்கூடப் போய்விடும். அதனால் அந்தப் பெயர். அவர் திரும்பப் பாஸ்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு பேர். எங்கள் ஒவ்வொருவருக்கும் கீழே ஏழெட்டு வீடுகள் உண்டு.

சங்கிலிக்கு விதிகள் இருக்கின்றன. கேட்டதை நோட்டில் எழுதி, எழுதியதை மட்டும் படித்துக்காட்ட வேண்டும். எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரைத் தாண்டிவிட வேண்டும், ஏனென்றால் தன் கஷ்டத்தைத் தானே அடுத்தவருக்குப் படித்துக்காட்டுவது கொடுமை. ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் குறிப்பைத் தொடங்கலாம்; யாராவது முந்திக்கொண்டால் அன்றைக்குப் பாஸ்டரம்மா தொடங்க மாட்டார். அது சுற்றித் தொடங்கியவரிடமே திரும்பி வரும். அவர் காது கொடுத்துக் கேட்டு, தான் சொன்னது அப்படியே வந்திருக்கிறதா என்று பார்த்து, சரியென்றால் "ஆமென்" சொல்ல வேண்டும். ஆமென் சொல்லும்வரை குறிப்பு ஆறு பேருக்குள்தான் இருக்கும். சொன்ன பிறகுதான் வீடுகளுக்குப் போகும்.

நல்ல ஏற்பாடு. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவள். சபையில் என் பெயர் பல்லக்கா. என் வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல், அதையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. சபைக் கட்டடத்தின் பக்கத்து அறையில், வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைக் காலையிலிருந்து மாலைவரை பார்த்துக்கொள்கிறவர். தனியாள். அந்த அறைதான் அவருக்குச் சோறு. ஒன்பது பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒன்று என் தங்கை மகள், நான்கு வயசுக் குட்டி. காலையில் கொண்டுபோய் விடுவது என் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் வழக்கம்போலக் குறிப்பைப் படித்துக்காட்டிவிட்டுப் போனை வைக்காமல் இருந்தார்.

"அக்கா, ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். மாத்திரை கொடுத்தாங்க. வர்ற வழியிலேயே வாங்கி, நேரா பசங்க ரூமுக்கு வந்தேனா, எட்டாத அலமாரியில வச்சேன். அங்கேயே இருக்கு. போடறதுக்குப் பயமா இருக்கு. மறுநாள் பசங்களைப் பாத்துக்கணுமே, கண்ணு சொருகிட்டா? நீங்க ஜெபம் பண்ணிக்கோங்கக்கா."

பண்ணுகிறேன் என்றேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னாரா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. சொல்லவில்லை என்று முதலில் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். இப்போது சத்தியம் செய்யச் சொன்னால் யோசிப்பேன்.

எனக்கு அவர்மேல் பாசம், அதனால் புதன்கிழமை காலை நானே ஒரு குறிப்பைத் தொடங்கினேன். டிரைவர் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் ஏழு மணிக்கு வண்டி எடுக்க வேண்டியவர், எப்போதும் அவசரம்தான். "சொல்லுங்க, சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். சொன்னேன். டீச்சரைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, மாத்திரையைப் பற்றி. வைத்துவிட்டேன்.

பதினொரு மணி போல நான் ஒரு கிழவரின் மேல்தாடை அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டரைக் கலக்கிவிட்டால் அது உங்களுக்காகக் காத்திருக்காது. நான்கு நிமிஷத்தில் கல்லாகிவிடும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இரண்டு கையும் வெள்ளை. முழங்கையால் தட்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். பாஸ்டரம்மா.

"உங்க குறிப்பு சுத்தி வந்துடுச்சு. படிக்கிறேன், கேளுங்க."

"படிங்கம்மா."

அவர் படித்தார். நான் அச்சுக்குள் குமிழி வராமல் தட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் என்பது காதில் விழுந்தது. மாத்திரை என்பது விழுந்தது. பிள்ளைகள் என்பதும் விழுந்தது. என் குறிப்புதானே, எனக்குத் தெரியாததா?

"ஆமென்" என்றேன்.

"நிச்சயமா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது.

"ஆமென், ஆமென். கை வேலையா இருக்கும்மா."

வியாழக்கிழமை காலை பாஸ்டரம்மாவே எனக்குப் போன் செய்தார், டீச்சரைத் தாண்டி. "தொடர் குறிப்பு. டீச்சர், பசங்க ரூம். ஏழு நாள்" என்றார். ஒரு தூக்கத்துக்கு ஏழு நாள் ஜெபமா, நம் சபை தங்கமான சபை என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குட்டியைக் கூப்பிடத் தங்கை வீட்டுக்குப் போனால், இன்றைக்கு அனுப்பவில்லை, காய்ச்சல் என்றாள். குட்டி உள்ளே கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைக் காய்ச்சல் வரும் போகும் என்று வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் தங்கை வந்து கதவைச் சாத்தினாள். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"அக்கா, காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்லை. உனக்கு நிஜமாவே தெரியாதா? டீச்சர் பசங்களுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கறாங்களாம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன வாரம் ஒரு நாள் குட்டியைக் கூப்பிடப் போனபோது அது பாயில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கித் தோளில் போட்டும் எழுந்திருக்கவில்லை. அது ஞாபகம் வந்துவிட்டது.

"அன்னைக்குக் குட்டி அப்படித்தான்டி தூங்கினா" என்றேன்.

இதை நான்தான் சொன்னேன். இதில் குழப்பமே இல்லை. தங்கை உடனே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அடுத்த நாள் அந்த வார்த்தை, பல்லக்காவே கண்ணால் பார்த்தாராம் என்று கண், காது, மூக்கு எல்லாம் வைத்துத் திரும்ப என் காதுக்கே வந்தது.

நீங்கள் கேட்பீர்கள், நீதானே குறிப்பைத் தொடங்கினாய், உனக்கு உறைக்கவில்லையா என்று. உறைக்கவில்லை. நான் சொன்னது தூக்கம் வராத ஒருவரைப் பற்றி. இது பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற ஒருவரைப் பற்றி. இரண்டும் வேறு வேறு ஆள் மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் டீச்சர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பாவி, நம்மிடமே நைசாகப் பேசிவிட்டாளே என்று திட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் கிளினிக்கின் பின்வாசலுக்கு வந்தார். கையில் போன்.

"அக்கா, இதுக்கு ஒரு தடவை போன் பண்ணுங்களேன். மூணு நாளா காலையில அடிக்கவே இல்லை. கடையில கொடுத்துக் காட்டினேன், நல்லாத்தான் இருக்குங்கறான்."

நான் என் போனிலிருந்து அழைத்தேன். அவர் கையில் இருந்தது கணீரென்று அடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அடிக்குதே" என்றார்.

"காலையில சிக்னல் இருந்திருக்காது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த பல் செட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, பசங்க ஒன்பது பேர்ல ஏழு பேர் வரலை. எல்லாருக்கும் காய்ச்சலாம். எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க ஒரு குறிப்பு போட்டா நல்லாயிருக்கும்."

என்னைப் பார்த்து அப்படிக் கேட்கிறாரே என்று திருதிருவென விழித்தேன். ஆத்திரத்தை எல்லாம் திரட்டி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தவள், வாயைத் திறந்தால் வேறு என்னமோ வந்தது.

"மாத்திரை போட ஆரம்பிச்சீங்களா?"

"எங்கக்கா. செவ்வாய்க்கிழமை சொன்னேனே." பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பத்து மாத்திரை. பத்தும் அப்படியே இருந்தன. பின்பக்கத்து வெள்ளித்தாளில் ஒரு கீறல்கூட இல்லை. "பசங்க ரூம்ல இருந்தது. அங்க இருக்க வேணாம்னு தோணிச்சு, எடுத்துட்டு வந்துட்டேன்."

நான் அதைக் கையில் வாங்கி எண்ணினேன். இரண்டு தடவை. அப்போதுதான் என் குறிப்பும் தங்கை சொன்னதும் ஒன்றுதான் என்று மண்டைக்குள் போயிற்று. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். டீச்சர், என் வாயால்தான் இப்படி ஆகிவிட்டது என்று ஒரு வரி. ஆனால் யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரிடம் சொல்வது வழக்கமில்லை. இதை ஒரு காரணமாக நான் அப்போது நிஜமாகவே நினைத்தேன்.

"குறிப்பு போடறேன் டீச்சர்" என்றேன்.

"சரிக்கா." அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை லீவு போட்டேன். யார் இந்த வேலையைச் செய்தது என்று கண்டுபிடித்து, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிடுவது என்று கிளம்பினேன். எல்லோரும் நோட்டில்தானே எழுதுகிறோம், தப்பிக்க முடியாது.

டிரைவர் அண்ணன் டிப்போ வாசலில் நின்று நோட்டைக் காட்டினார். "டீச்சர் பசங்க ரூமில் தூக்க மாத்திரை வைத்திருக்கிறார்" என்று இருந்தது.

"தூக்கம் வரலைன்னு சொன்னேனே அண்ணே, அது எங்கே?"

"தூக்க மாத்திரைன்னா தூக்கம் வரலைன்னுதானேம்மா அர்த்தம்? அதைத் தனியா வேற எழுதணுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எரிச்சலாக இருந்தது.

லாண்டரியம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்து நோட்டை எடுத்தார். "டீச்சர், பசங்க அறையில் தூக்க மாத்திரை. பிள்ளைகள் பாதுகாப்புக்காக."

"பாதுகாப்புன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. டிரைவர் தம்பி படிச்சதுல எதுக்காக ஜெபிக்கணும்னே இல்லை. எதுக்காகன்னு தெரியாம எப்படி ஜெபம் பண்றது? பசங்க எடுத்து வாயில போட்டுட்டா? நானும் நாலு பிள்ளை பெத்தவ. நீயே சொல்லு, தப்பா?"

தப்பில்லை. அதுவும் தப்பில்லை.

நீட்டல் மாமா என்னை உட்காரவைத்து, முதலில் ஒரு ஜெபம் செய்தார். பிறகு கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. அவர் நோட்டில் அரைப்பக்கம் எழுதியிருந்தார். நடுவில் இப்படி ஒரு வரி: "பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்கவைக்க அந்த மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்கிற சோதனைக்கு டீச்சர் ஆளாகாதபடிக்கு."

"மாமா, டீச்சருக்கு அப்படி ஒரு சோதனை இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"இருக்குன்னு நான் எழுதலையேம்மா. ஆளாகாதபடிக்குன்னுதானே போட்டிருக்கேன். நல்லாப் படி. ஒருத்தருக்கு எந்தக் கெடுதலும் வரக் கூடாதுன்னு ஜெபிக்கறது குத்தமா?"

நல்லாப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். குற்றம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்த மூன்று நோட்டிலும் பொய் என்று ஒரு வரி இல்லை.

பாஸ்டரம்மா வீட்டில் கடைசி நோட்டு. அவர் எப்போதும் சுருக்கி எழுதுகிறவர். நீட்டல் மாமாவின் அரைப்பக்கத்தை எழுத அவருக்கென்ன பைத்தியமா? "டீச்சர், பிள்ளைகளுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிற சோதனையில்." அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில்: "பல்லக்கா, ஆமென். புதன் 11.10. இரண்டு முறை கேட்டேன்."

"எனக்கே நம்ப முடியலை" என்றார் பாஸ்டரம்மா. அவர் குரல் உடைந்திருந்தது. "அதனாலதான் நிச்சயமான்னு கேட்டேன். நீங்க ரெண்டு தடவை ஆமென் சொன்னீங்க. நீங்கதான் குட்டியை அங்க கொண்டுபோய் விடறவங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்னு நினைச்சேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது என்று சொல்ல நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று யோசித்து நிறுத்திக்கொண்டேன்.

பாஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் பிடிகொடுக்க மாட்டார். விஷயம் அதைவிட மோசம் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. பிள்ளைகள் அறை டீச்சருக்குச் சும்மா கொடுக்கப்பட்டது. குறைந்தது ஐந்து பிள்ளைகளாவது வர வேண்டும் என்பதுதான் சபைக் கமிட்டியின் நிபந்தனை. திங்கட்கிழமை ஐந்து பேர் இல்லையென்றால் பத்து மணிக்கு அறையை எடுத்துக்கொண்டு, கூடத்தில் மிச்சமிருக்கும் நாற்காலிகளை அங்கே அடுக்கப்போகிறார்கள். கடிதம் டீச்சர் கைக்கே போயாயிற்று.

"நாளைக்கு ஆராதனையில எழுந்து நின்னு நான் சொல்லிடறேன் பாஸ்டர். தப்பு என்னுதுன்னு."

அவர் யோசித்தார். "தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிடுமே. டீச்சருக்கு அது இன்னும் அவமானமில்லையா? குறிப்பாவே போடுங்க. வந்த வழியிலேயே போகட்டும்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. அந்த வாரம் எனக்கு எல்லோர் சொன்னதும் சரியாகப் பட்டது.

ஞாயிறு ஆராதனையில் டீச்சர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்திருக்கலாம். குறிப்பு முதலில் போய்ச் சேரட்டும், பிறகு உட்காரலாம் என்று பின்னாலேயே நின்றேன். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, நோட்டில் முழு வாக்கியமாக எழுதினேன். "டீச்சரைப் பற்றி வந்த குறிப்பு தவறு. அவர் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் கொடுக்கவில்லை. மாத்திரை அவருடையது, அதையும் அவர் பிரிக்கவில்லை. கேட்காமல் ஆமென் சொன்னது நான். பிள்ளைகளை நாளைக்கு அனுப்புங்கள்." டிரைவர் அண்ணனை ஒரு சொல் விடாமல் எழுதவைத்தேன். மூன்று மணிக்குப் பாஸ்டரம்மாவிடமிருந்து திரும்பி வந்தது. இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆமென் சொன்னேன். அன்றைக்குத்தான் மூன்று நாளில் முதல்தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு நோட்டை விரித்துப் பேனாவை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். ஆறேமுக்கால் ஆயிற்று. ஏழாயிற்று. பாஸ்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். டிரைவர் அண்ணனை அழைத்தால் எடுக்கவில்லை. லாண்டரியம்மா எடுத்து, "வந்துச்சே, நான் மாமாவுக்குச் சொல்லிட்டேனே" என்று ஆரம்பித்துவிட்டு, யாருடன் பேசுகிறோம் என்று தெரிந்ததும், "பெட்டி சுடுதும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

எட்டு மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். குட்டி தலைவாரி, பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றது. எனக்கு உயிர் வந்தது. நான்கு பேரை எப்படியாவது பிடித்துவிடலாம், ஒன்று கையில் இருக்கிறது என்று நினைத்து, "வாடி தங்கம்" என்று கையை நீட்டினேன். தங்கை குட்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"நான் இவளை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா."

"குறிப்பு வரலையா உனக்கு? டீச்சர் ஒண்ணும் பண்ணலைடி."

"வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணும் வந்துச்சு." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உனக்கு மனசு சரியில்லையாம். ஒண்ணு சொல்லி, மறுநாள் இல்லைங்கறியாம். வீடு வீடா போய் நோட்டைக் காட்டச் சொல்றியாம். நீயும் டீச்சர்கிட்ட மாத்திரை வாங்கிப் போடறன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை கிளினிக் பின்வாசல்ல வாங்கினதைப் பாத்தவங்க இருக்காங்களாம்."

"நான் எண்ணித்தானே பாத்தேன்."

"எதை எண்ணினே?" என்றாள் தங்கை. அவள் கை குட்டியின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தது. "நீ இவளைக் கொஞ்ச நாளைக்கு வெளியே கூட்டிட்டுப் போக வேணாம்க்கா. கோச்சுக்காதே. எல்லாரும் உனக்காக ஜெபம் பண்றாங்க."

என்னை. என் கூடப்பிறந்தவள். எனக்கு அழுகைதான் வந்தது, கோபம் வரவே இல்லை. குட்டி மட்டும் எனக்குக் கையை ஆட்டியது.

சபைக் கட்டடத்துக்கு நடந்தே போனேன். பிள்ளைகள் அறையின் கதவு திறந்திருந்தது. தரையில் ஒன்பது குட்டிப் பாய்கள் விரித்திருந்தன. ஒன்பது தண்ணீர்க் குவளைகள் ஜன்னல் திட்டில் வரிசையாக இருந்தன. டீச்சர் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் எட்டே முக்கால்.

"குட்டி வரலையாக்கா?"

"காய்ச்சல்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார். "உங்க போன் இன்னைக்குக் காலையில அடிச்சுதா?"

"இல்லை."

"எனக்கும் இல்லை." அவர் காலால் ஒரு பாயின் ஓரத்தை நேராக்கினார். "ஆறு வருஷமா தினம் காலையில உங்களுக்குப் போன் பண்றவ நான். யாரைத் தாண்டணும், எதுக்குத் தாண்டணும்னு எனக்குத் தெரியாதாக்கா? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. என்ன சொல்றாங்கங்கறது, வியாழக்கிழமை பசங்க ஏன் வரலைன்னு கேக்கப் போய், ஒரு அம்மா கதவைச் சாத்தினப்ப உள்ளேயிருந்து கேட்டுச்சு."

"அப்போ வெள்ளிக்கிழமை..."

"போன் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்களா சொல்வீங்கன்னுதான் வந்தேன்."

நான் அவர் எதிரில் இருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. டிரைவர் அண்ணன், பாதுகாப்பு, சோதனை, பிளாஸ்டர், எல்லாம்.

"நான் ஒண்ணுதான் கேக்கணும்" என்றார். "செவ்வாய்க்கிழமை நான் உங்ககிட்ட சொன்னதை நீங்க அவங்ககிட்ட என்னன்னு சொன்னீங்க? நீங்க சொன்னது மட்டும் போதும்."

பையிலிருந்து என் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அடுத்தவர் நோட்டையெல்லாம் தேடிப்போன நான், சனிக்கிழமை வீட்டுக்கு வந்துதான் என்னுடையதைப் பார்த்திருந்தேன். விதிப்படி வாக்கியமாக எழுதாமல், தெரிந்த விஷயம்தானே என்று மூன்று சொற்களைக் கிறுக்கி, நடுவில் கோடு போட்டிருந்தேன்.

டீச்சர் என்று இருந்தது. ஒரு கோடு. தூக்க மாத்திரை என்று இருந்தது. இன்னொரு கோடு. பசங்க ரூம்.

அவர் அந்தக் கோடுகள்மேல் விரலை வைத்தார். "இதுக்கு நடுவுல என்ன சொன்னீங்கக்கா?"

டிரைவர் அண்ணன் அவசரப்படுத்தியது ஞாபகம் இருக்கிறது. ஜன்னலில் வெயில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. பாவம் என்று சொன்னேனா? தூக்கம் வரவில்லை என்று சொன்னேனா, அல்லது சொன்னதாக நினைத்துக்கொண்டேனா? பசங்க ரூமை எதற்குச் சொன்னேன்? அது தெரியாமலேயே ஜெபம் செய்யலாமே. கேட்பவருக்குக் கொஞ்சம் சுவாரசியமாக இருக்கட்டும் என்று சேர்த்தேனா? அப்படிப்பட்டவளா நான்?

"தெரியலை டீச்சர்" என்றேன். "சத்தியமா தெரியலை."

அவர் நோட்டை மூடி என் மடியில் வைத்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பதரைக்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்து ஜன்னலுக்குப் போனோம். யாரும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. கமிட்டிக்காரர்கள் வந்து, கூடத்து நாற்காலிகளைத் தூக்கிவந்து வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குத்தான் உள்ளே வருவோம், அவசரமில்லை என்று மரியாதையாகக் கையைக் காட்டினார்கள்.

டீச்சர் குவளைகளில் இருந்த தண்ணீரை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கொட்டினார். பிறகு முதல் பாயின் ஒரு முனையைக் கையில் எடுத்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்கக்கா" என்றார்.

பிடித்தேன். ஒன்பது பாய்களையும் ஒவ்வொன்றாக மடித்து முடித்தோம். என் பைக்குள் போன் இருந்தது. அது அடிக்கிறதா என்று இடையில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.